ஜெர்மன் தரையும் காங்கேயம் பசுவும்

கோவிந்தராஜுலு ஜெர்மனிக்குப் போனது மில்லுக்கு மெஷின் பார்க்க. திரும்பி வந்தபோது அவர் மனதில் நின்றது தரை. அங்கே ஒரு இன்ஜினியர் வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் கூடம் முழுக்க மரத்தரை. காலுக்கு அத்தனை இதமாக இருந்ததாம், சில்லிடவே இல்லையாம். கோயமுத்தூரில் கால் சில்லிட்டு யாரும் ஆஸ்பத்திரியில் படுத்ததாக இதுவரை தகவல் இல்லை. இருந்தாலும், தொண்ணூற்று மூன்றில் கோயமுத்தூர் ராமநாதபுரத்தில் அவர் கட்டிய புது வீட்டின் ஹாலுக்கு மரத்தரைதான் என்று முடிவாகிவிட்டது. மில் முதலாளி முடிவைச் சொல்லிவிட்டால் அதற்குக் காரணம் தேடுவது மற்றவர்கள் வேலை.

அந்த வேலைக்கு வந்தவன் பிரான்சிஸ். நாற்பது வயது, உக்கடத்தில் ஒரு தகரக் கொட்டகையில் பட்டறை. பதினாலு வயதில் உளி பிடித்தவன். ஜன்னல், கதவு, கட்டில், ஆபீஸ் மேஜை என்று அவன் செய்யாத சாமான் இல்லை, ஆனால் எல்லாமே வேறு யாராவது ஒரு மேஸ்திரியின் பேரில் செய்தவை. அவன் அப்பன் சின்னான், சூலூர்ப் பக்கம் கோவிந்தராஜுலு குடும்பத்துத் தோட்டத்தில் முப்பது வருஷம் மாடு பார்த்தவன். செத்து ஐந்து வருஷமாகிறது. அந்தப் பழக்கத்தில்தான் முதலாளி இவனைக் கூப்பிட்டனுப்பி, ஜெர்மனியில் இருந்து கொண்டுவந்த வழவழப்பான புத்தகத்தில் ஒரு படத்தைக் காட்டினார்.

“இந்த மாதிரி ஆகுமாப்பா?”

“செஞ்சுபோடலாமுங்க.”

பிரான்சிஸ் அதற்கு முன்னால் மரத்தரை எதையும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு மனுஷனை முகத்துக்கு நேரே பார்த்து ‘தெரியாதுங்க’ என்று சொல்வதைவிட, அந்தக் காரியத்தையே கற்றுக்கொண்டு செய்து முடிப்பது சுலபம். அவன் புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு போனான். அதில் இருந்தது ஜெர்மன் பாஷை. எழுத்தை விட்டுவிட்டுப் படங்களை மட்டும் ஒரு வாரம் படித்தான்.

பட்டறையில் கட்டில் அகலத்துக்கு ஒரு தரை போட்டுப் பார்த்தான். கீழே ஓரடிக்கு ஒன்றாக ரீப்பர்க் கட்டைகள், மேலே குறுக்கே பலகை. ஒரு பலகையின் ஓரத்தில் நாக்கு, அடுத்த பலகையின் ஓரத்தில் அது போய் உட்காரப் பள்ளம். அழகாகத்தான் வந்தது. ஊர்க்காரர்கள் தரையை என்ன செய்வார்கள் என்பது தெரிந்தவன் ஆகையால் அதன்மேல் இரண்டு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு வீட்டுக்குப் போனான். இரண்டு நாள் கழித்து வந்து பார்த்தால், தரை எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி நடுவில் உப்பிக்கொண்டு நின்றது. அதற்கு எதிரி யாரென்று அவனுக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

மரம் கொடுத்த அமீர் ஹம்சாவும் அதைத்தான் சொன்னார். “நிலம்பூர்த் தேக்கு, நாலு வருஷம் காஞ்சது. கரையான் ஒண்ணும் பண்ணாது. மழை பேஞ்சாத் தாங்கும். ஆனா நம்ம பொம்பளைங்க ஊடு கழுவுறதை எந்தத் தேக்கும் தாங்காது, பாத்துக்க.”

வேலை இரண்டு மாதம் நடந்தது. பிரான்சிஸ் முட்டியில் சாக்கைக் கட்டிக்கொண்டு காலை எட்டு மணிக்குத் தரையில் மண்டி போட்டால் சாயங்காலம்தான் எழுந்திருப்பான். ஆணித்தலை வெளியே தெரியாமல் நாக்கில் சாய்த்து அடித்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், பாலீஷ் அடித்தான், மறுபடியும் தேய்த்தான். இவ்வளவுக்கும் காரணம் கூலி மட்டுமில்லை.

புது வீட்டில் பால் காய்ச்சுகிற அன்றைக்கு, வேலை செய்தவர்களை ஹாலுக்குள் கூப்பிட்டு, சொந்தபந்தம் பார்க்கப் பேர் சொல்லி, தட்டில் வேட்டி துண்டு வெற்றிலைபாக்கு வைத்துக் கொடுப்பது வழக்கம். பிரான்சிஸ் அப்படி இருபது வீடாவது பார்த்திருக்கிறான், எல்லாம் கேட்டுக்கு வெளியே நின்று. கூப்பிடுவது மேஸ்திரியைத்தான், மேஸ்திரிக்குக் கீழே குனிந்து கிடந்தவனை யாரும் கூப்பிடுவதில்லை. இந்தத் தரை ஒன்றுதான் முழுக்க முழுக்க அவன் பேரில் எடுத்த வேலை.

“இந்தத் தடவை எம் பேரைத்தான் கூப்பிடோணும்,” என்று பெண்டாட்டி கிருபாவிடம் சொன்னான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான். கிருபா அதைத் தெரு முழுக்கச் சொல்லி, அக்காவிடம் பட்டுச்சேலையும் இரவல் கேட்டுவிட்டாள். அவளிடம்கூடச் சொல்லாத சங்கதி ஒன்று உண்டு. சின்னான் முப்பது வருஷம் முதலாளியின் பழைய வீட்டுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுத்தான், எல்லாம் பின்வாசலில். அந்த வீட்டு ஹால் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாமல் செத்துப்போனான்.

கோவிந்தராஜுலுவின் சம்சாரம் லட்சுமியம்மாளுக்கு இந்தத் தரையின்மேல் ஆரம்பத்தில் இருந்தே நம்பிக்கை இல்லை. தினமும் பதினோரு மணிக்குக் காரில் வந்து இறங்கி, ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் சாப்பிடப் போவார்.

“ஏப்பா பிரான்சிஸு, செவுத்தோரத்துல சுத்தியும் அரை இஞ்சு கொறச்சு வெட்டிப்போட்டயே, அளவு தெரியாதா உனக்கு?”

“வேணும்னேதாங்கம்மா உட்டிருக்குது. மழைக்காலத்துல மரம் ஊதுமுங்க. அதுக்கு எடம் வேணுமுங்க.”

“ஊடு கட்டுனது நாங்க. மரத்துக்கு எதுக்கு எடம்?”

“இல்லீன்னா மேல எந்திரிச்சுக்குமுங்க.”

“அந்தச் சந்துல எறும்பு வரும், பூரான் வரும். திருமலைசாமிகிட்டச் சொல்லி சிமெண்டு வெச்சு அடைச்சுப்போடச் சொல்றேன்.”

திருமலைசாமி கொத்தனார். சொன்னால் சொன்னதைச் செய்துவிட்டு அப்புறம் யோசிக்கிற ஆள். அவர் சாந்துச்சட்டியோடு இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் பிரான்சிஸ் சுவரோரத்தில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, “அண்ணா, டீ குடிச்சுப்போட்டு வாங்க, பேசிக்கலாம்,” என்றான். மூன்றாம் தடவை வருவதற்குள் அந்தச் சந்து தெரியாமல் சுற்றிலும் மரச்சட்டம் அடித்து மறைத்துவிட்டான். லட்சுமியம்மாள் வந்து பார்த்துவிட்டு, “இப்பத்தான் வேலை மாதிரி இருக்குது,” என்றார். சந்து உள்ளே அப்படியேதான் இருந்தது.

ஆவணியில் நாள் குறித்தார்கள். காலை ஆறுக்கு மேல் ஏழரைக்குள். அதற்கு நாலு நாள் முன்னால்தான் பிரான்சிஸுக்கு அந்த யோசனை வந்தது. நேராக லட்சுமியம்மாளிடம் போனான்.

“ஏனுங்கம்மா, மாடு உள்ள வருங்களா?”

“இதென்ன கேள்வி? மாடு கன்னு வராம புது ஊட்டுக்குள்ள மனுசன் போவானா?”

கோவிந்தராஜுலு பேப்பரில் இருந்து தலையைத் தூக்கினார். “ஏப்பா, மாடு முன்னூறு கிலோ வரும். தரை தாங்குமில்ல?”

“பத்து மாடு நின்னாலும் தாங்குமுங்க. எடைக்குப் பயமில்லீங்க. அது உள்ள வந்து...” மேலே எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நிறுத்தினான். “ஈரம் பண்ணிப்போடுமுங்க.”

“பண்ணுனா அது நம்ம பாக்கியம்,” என்றார் லட்சுமியம்மாள். “எங்க தம்பி ஊட்டுல மாடு சும்மா வந்துட்டுச் சும்மா போயிருச்சு. அந்த வருசமே அவன் ஜின்னிங் பேக்டரியைப் பூட்டிப்போட்டான்.”

பாக்கியத்தை எதிர்த்து ஒரு தச்சன் என்ன பேச முடியும்? ஹோமத்துக்கு அடியில் தகரமும் மணலும் போட ஒப்புக்கொண்டார்கள். பால் பொங்குவது சமையல்கட்டில், அங்கே மொசைக். மாட்டுக்கு மட்டும் ஜமக்காளம் விரிப்பதாக முடிவாயிற்று. தோட்டத்தில் மாடு பார்க்கிற ராசப்பனை பிரான்சிஸ் தனியாகப் பிடித்து, அன்றைக்குக் காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டான்.

அன்றைக்குக் காலை ஆறு மணிக்கே வீடு நிறைந்துவிட்டது. பிரான்சிஸ் புதுச்சட்டை போட்டு, தோளில் புதுத்துண்டு போட்டு, போர்டிகோவில் திருமலைசாமிக்குப் பக்கத்தில் நின்றான். கிருபா பட்டுச்சேலையில் கேட்டோரம் நின்றாள். வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் வாசலில் இருந்தபடியே எட்டிப் பார்த்து வாய் பிளந்தார்கள்.

“தரை ஜெர்மனியாமா.”

“அங்கிருந்து ஆளே வந்து போட்டுக் குடுத்துட்டுப் போனாங்களாம். இல்லீன்னா இந்த வழவழப்பு வருமா?”

கோவிந்தராஜுலு ‘ஜெர்மன் மாடல்’ என்றுதான் சொல்லியிருந்தார். நாலு வாய் தாண்டுவதற்குள் மாடல் போய் ஆள் வந்துவிட்டான். முதலாளி அதைத் திருத்தவும் இல்லை. பிரான்சிஸ் கேட்டுக்கொண்டு நின்றான். பேர் கூப்பிடும்போது தெரிந்துவிடப் போகிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

ஆறே முக்காலுக்கு டெம்போவில் பசு கன்றோடு வந்து இறங்கியது. நல்ல காங்கேயம், வெள்ளை நிறம், கொம்புக்கு மஞ்சள், கழுத்துக்கு மாலை. ராசப்பன் பிடித்துக்கொண்டு வந்தான். பசு வாசற்படியை மரியாதையாகத் தாண்டி முன்னங்கால் இரண்டையும் ஜமக்காளத்தில் வைத்தது. அடியில் இருந்து ‘டொம்’ என்று ஒரு சத்தம் வந்தது. பசு நின்றது. காலை மாற்றி வைத்துப் பார்த்தது. மறுபடியும் டொம். அதோடு பாலீஷில் ஜமக்காளம் ஒரு சாண் வழுக்கவும், அது ஒரே உதறாக உதறிக்கொண்டு போர்டிகோவுக்குப் பின்வாங்கிவிட்டது. பிறந்ததில் இருந்து மண்ணை மிதித்த ஜீவன். கீழே ஓட்டையாக இருக்கிற இடத்தில் கால் வைக்கக் கூடாது என்கிற புத்தி அதற்கு இருந்தது.

ராசப்பன் இழுத்தான். பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள். ஒருவர் வாலை முறுக்கினார். அகத்திக்கீரை காட்டினார்கள், வாழைப்பழம் காட்டினார்கள். பசு கழுத்தை மட்டும் நீட்டிப் பழத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றது. ஐயர் லட்சுமிநாராயணன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “ஏழு பத்து. இன்னும் இருபது நிமிஷம்தான் இருக்கு. அப்புறம் எமகண்டம்.” லட்சுமியம்மாள் முகம் வெளுத்துவிட்டது.

கோவிந்தராஜுலு சுற்றும்முற்றும் பார்த்தார். கண் பிரான்சிஸ்மேல் நின்றது. “அட, சின்னான் மகன் இங்கதானே நிக்கிறான்! உங்கப்பன் ஒரு சத்தம் குடுத்தா மாடு பின்னாலயே வரும். நீ வா, கயித்தைப் புடி.”

பிரான்சிஸுக்கு மாடு என்றால் பயம். ஐந்து வயதில் ஒரு தடவை முட்டித் தூக்கிப் போட்டதில் இருந்து, தெருவில் மாடு வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறவன். அவன் தச்சுவேலைக்குப் போனதே அதனால்தான். ஆனால் அத்தனை பேர் முன்னால் அதை எப்படிச் சொல்வது? “சரிங்க,” என்று கயிற்றை வாங்கினான்.

மாட்டுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் அந்த டொம் எங்கிருந்து வருகிறது என்பது தெரியும். ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவில் வெறும் இடம். அங்கே மிதித்தால்தான் அந்தச் சத்தம். ரீப்பர்மேல் மிதித்தால் கெட்டித்தரை மாதிரிதான். ரீப்பர் எல்லாம் வாசலில் இருந்து பூஜையறைக்கு நேராக ஓடுகின்றன. அவன் கயிற்றை ராசப்பனிடம் கொடுத்துவிட்டு ஜமக்காளத்தைச் சுருட்டி ஓரம் தள்ளினான். சமையற்காரர்களிடம் போய் பத்துப் பன்னிரண்டு காலி அரிசிச்சாக்கை வாங்கி வந்தான். மண்டி போட்டு, விரல் முட்டியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டு, அடுத்தடுத்த இரண்டு ரீப்பர்மேலும் நீளமாகச் சாக்கை மடித்து விரித்தான்.

“அத்தனை பேர் பாக்கறாங்க, சாக்கை விரிக்கிறானே!” என்று லட்சுமியம்மாள் பல்லைக் கடித்தார்.

பிரான்சிஸ் கயிற்றை வாங்கி, முடிந்தமட்டும் கையை நீட்டிப் பிடித்து, முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, பின்பக்கமாகக் குனிந்தபடியே நடந்தான். பசு ஒரு காலை வைத்தது. சத்தமில்லை. சாக்கும் வழுக்கவில்லை. அடுத்த காலை வைத்தது. அப்புறம் அதுபாட்டுக்குத் தண்டவாளத்தில் ரயில் போவதுபோல இரண்டு சாக்கின்மேலும் நடந்து, கன்று பின்தொடர, பூஜையறைக்கு முன்னால் போய் நின்றது. மணி ஏழு இருபத்தைந்து.

நின்றதும் வாலைத் தூக்கியது.

தண்ணீர் காட்டாத மாட்டிடம் அவ்வளவு இருக்கும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பெண்கள் குலவையிட்டார்கள். லட்சுமியம்மாள் ஓடி வந்து உள்ளங்கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டார், புருஷன் தலையிலும் தெளித்தார். அந்த ஹாலில் தரையைப் பார்த்தவன் ஒருவன்தான். பிரான்சிஸ் கயிற்றை விட்டுவிட்டுத் தோளில் கிடந்த புதுத்துண்டைப் போட்டு, மாட்டுக்காலுக்கு நடுவிலேயே உட்கார்ந்து பலகை பலகையாக ஒற்றி எடுத்தான்.

“ஏப்பா, தொடைக்காதே! கோமியம்!”

“உங்களுக்குக் கோமியமுங்கம்மா. மரத்துக்கு அதெல்லாம் தெரியாதுங்க, தண்ணினு குடிச்சுப்போடுமுங்க.” துண்டு நனைந்ததும் சட்டைக்கைகளாலும் இடுக்கை எல்லாம் துடைத்தான். லட்சுமியம்மாள் என்னவோ சொல்ல வந்து, அவன் மூக்குத் தரையில் முட்டுகிற மாதிரி குனிந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கால் படாமல் ஓரமாக நகர்ந்துகொண்டார்.

மாடு வெளியே போனபோது கோவிந்தராஜுலு எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: “பாத்தீங்களா, சின்னான் ரத்தம்! மாட்டைக் கண்டா அதுபாட்டுக்கு வேலை செய்யுது.” எல்லோரும் ஆமாம் என்றார்கள்.

பால் பொங்கியது. ஹோமம் முடிந்தது. லட்சுமியம்மாளின் தம்பி வெங்கடபதி, தட்டுகளை வரிசையாக வைத்துக்கொண்டு பேர்ப்பட்டியலைப் பிரித்தார். அவர் புது வீட்டு விசேஷத்துக்குப் போன வருஷம் எழுதிய பட்டியலைப் பார்த்து எழுதியது அது.

கொத்தனார் திருமலைசாமியைக் கூப்பிட்டார்கள். கதவு, ஜன்னல் செய்த ஆசாரியைக் கூப்பிட்டார்கள். மொசைக் போட்டவர் வந்தார், பிளம்பர் வந்தார், வயர்மேன் வந்தார், பெயிண்டர் வந்தார். பிரான்சிஸ் ஒவ்வொரு பேருக்கும் காலை ஒரு அடி முன்னால் வைத்துப் பின்னால் எடுத்தான். வெங்கடபதி பட்டியலை மடித்துப் பையில் வைத்துவிட்டார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. அவர் வீட்டில் மரத்தரை கிடையாது, பட்டியலிலும் இல்லை. கேட்டோரம் நின்ற கிருபாவைத் திரும்பிப் பார்க்க அவனால் முடியவில்லை.

அப்போது கோவிந்தராஜுலு மச்சான் காதில் என்னவோ சொன்னார். வெங்கடபதி மிச்சமிருந்த ஒரு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். “மாட்டை உள்ள கொண்டாந்த சின்னான் மகன்! வாப்பா!”

கூட்டம் சிரித்துக்கொண்டே வழிவிட்டது. தரையை ஜெர்மனிக்காரன் எடுத்துக்கொண்டான், மாட்டை அப்பன் எடுத்துக்கொண்டான். பிரான்சிஸ் என்று ஒருவன் இரண்டு மாதம் அந்த வீட்டில் இருந்ததற்கு இனி ஒரு அத்தாட்சியும் இல்லை.

அவன் வாசற்படி வரைக்கும் போய் நின்றான். “ஏனுங்க, இது மாட்டுக்குங்களா?”

“ஆமாப்பா. நல்ல நேரம் தப்பாமக் காப்பாத்துனயில்ல?” என்றார் கோவிந்தராஜுலு.

“மாட்டு வேலை ராசப்பண்ணனுதுங்க. விடியங்காட்டி எந்திரிச்சு அலங்காரம் பண்ணிக் கொண்டாந்தது அவருங்க. இதை அவருக்குக் குடுத்துப்போடுங்க.”

“அப்ப உனக்கு?”

“நான் போட்டது தரைங்க. தரைக்கு இருந்தாக் கூப்பிடுங்க, வாரேனுங்க. இல்லீன்னாலும் பரவால்லைங்க.”

இதைவிட மரியாதையாக ஒருவன் மில் முதலாளியை எதிர்த்துப் பேச முடியாது. இனி இந்த மில்லில் ஒரு ஸ்டூலுக்குக் கால் மாட்டக்கூடக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்தது. இருந்தாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், “தரை ஜெர்மனிக்காரன் போட்டதில்லீங்களா?” என்று முதலாளியைக் கேட்டார். காலையில் இருந்து பாராட்டு வாங்கிக்கொண்டிருந்த கோவிந்தராஜுலு இருமினார்.

“எந்த ஜெர்மனிக்காரன்?” என்றார் லட்சுமியம்மாள். ஹால் முழுக்கக் கேட்டது. “ரெண்டு மாசம் தெனமும் இந்தத் தரைக்காக நான் சண்டை போட்டது இவன்கூட. ஒரு ஜெர்மனிக்காரனும் எங்கூடச் சண்டைக்கு வரலை.”

அவர் வெங்கடபதி கையில் இருந்த தட்டை ராசப்பனுக்குக் கொடுக்கச் சொன்னார். வேறு தட்டு இல்லை. அம்மாள் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, தம்பிக்கென்று தனியாக எடுத்து வைத்திருந்த பட்டுக்கரை வேட்டித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெங்கடபதி அந்தத் தட்டையே பார்த்தார்.

“உம் பேரு முழுசா என்னப்பா?”

“சி. பிரான்சிஸுங்க.”

“டேய், படி,” என்றார் தம்பியிடம்.

“லிஸ்டுல இல்லியேக்கா.”

“எழுதிப் படி.”

வெங்கடபதி பேனா இரவல் வாங்கி, பட்டியலை முழங்காலில் வைத்து எழுதினார். எழுந்து நின்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு படித்தார். “தரை போட்ட மேஸ்திரி சி. பிரான்சிஸ், வாங்க.”

வாசற்படியில் இருந்து லட்சுமியம்மாள் நிற்கிற இடத்துக்குப் பதினைந்து அடி. அத்தனை நாளும் அந்தத் தரையில் முட்டிபோட்டுத்தான் திரிந்தான். காலையில் மாட்டோடு போனதுகூடக் குனிந்துதான். இப்போது நேராக, எல்லோரும் பார்க்க, நடுவிலேயே நடந்து போனான். தட்டை வாங்கிக்கொண்டு ‘சந்தோசமுங்க’ என்று சொல்ல வாயெடுத்தான். அழுகை முந்திக்கொண்டது. நாற்பது வயது ஆள், அத்தனை பெரிய சபையில், மறைக்காமல் அழுதான். கை இரண்டிலும் தட்டு.

லட்சுமியம்மாள் கீழே பார்த்தார்.

“ஏப்பா, தரையில தண்ணி உளுகுது பாரு. மொதல்ல கண்ணைத் தொடை.”